சிவப்பு மையில் நார்மல்

பினாங்கு யூனிவர்சிட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆளுக்கு நார்மல் என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர் அவருடைய ஐ.சி. அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கண்ணாடிச் சாமான் கழுவுவார். தரை துடைப்பார். காலையில் மோட்டார் சைக்கிளில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், ஈரல் கெட்ட நோயாளிகளிடம் எடுத்த ரத்தக் குழாய்களை ஒரு பெட்டியில் கெலுகோரில் எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருவார். அந்தப் பெட்டியில் ஐஸ் வைக்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கிற தட்டணுவுக்குக் குளிர் ஆகாது. முதல் வாரம் அவர் நல்ல எண்ணத்தில் மீன் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாக் குழாயையும் அவர் கண்முன்னாலேயே குப்பையில் போட்டேன்.

"நீங்க மீன் விக்கப் போங்க அண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற ஆள். எனக்கு அது பிடிக்காது.

இது தொண்ணூறுகளில். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பது. என்னை மிஸி என்பார். நர்ஸைக் கூப்பிடுகிற வார்த்தை அது. வெள்ளைக் கோட் போட்ட பெண்கள் எல்லாரும் அவருக்கு மிஸிதான்.

எங்கள் வேலை இதுதான். ரத்தம் உறையத் தட்டணு வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்கு அது குறைந்துபோகும். எலும்புக்குள் அதைச் செய்வது குறைந்துவிட்டதா, இல்லை செய்ததையெல்லாம் வீங்கின மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறதா? எங்கள் டாக்டரம்மாவுக்கு அது தெரிய வேண்டும். எலும்பிலிருந்து புதிதாக வெளியே வந்த தட்டணுவுக்குள் ஒரு நாள் வரைக்கும் கொஞ்சம் ஆர்.என்.ஏ. மிச்சமிருக்கும். சாயம் போட்டால் அதில் ஒட்டும். மெசினுக்குள் லேசர் ஒளியைத் தாண்டும்போது பச்சையாக மின்னும். அதை நாங்கள் பிஞ்சு என்போம். பிஞ்சு நிறைய இருந்தால் எலும்பு வேலை செய்கிறது. பிஞ்சு இல்லையென்றால் எலும்பு படுத்துவிட்டது.

எது பிஞ்சு, எது முற்றினது என்று மெசின் சொல்லாது. திரையில் நான்தான் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு வலப்பக்கம் பிஞ்சு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு நோயில்லாத ஒருவருடைய ரத்தம் தினமும் காலையில் வேண்டும். படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் ஒருவனுக்குப் பரீட்சை, ஒருத்திக்கு ஊசி என்றால் மயக்கம். இவர்தான் கையை நீட்டினார்.

"உடம்புக்கு ஒண்டும் இல்லையே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

அவ்வளவுதான் பரிசோதனை. அன்றிலிருந்து காலையில் முதல் குழாய் அவருடையது. நோயாளிகளின் குழாயில் நீல மையில் எண். அவர் குழாயில் சிவப்பு மையில் நார்மல். எழுதினது நான். மாணவர்கள் அதையே பேராக்கிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "நார்மல் வந்தாச்சா? நார்மல் ரத்தம் குடுத்தாச்சா?" அவருக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

அவர் வீடு தீவுக்கு எதிர்க்கரையில், பிறையில். பொண்டாட்டி அங்கே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சாயங்காலம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சம்சு சாராயக் கடை இருந்தது. அங்கே நிற்காமல் அவர் மோட்டார் சைக்கிள் போகாது. இது எல்லாருக்கும் தெரியும். காலையில் கை நீட்டும்போதே வாடை வரும்.

"பொண்டாட்டி கத்துறா மிஸி, குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து போச்சுன்னு. நான் சொன்னேன், அடி போடி, யூனிவர்சிட்டியிலயே முத்திரை வச்சு சாப்பு குத்திக் குடுத்துட்டாங்க, நான் நார்மல்னு. சிவப்பு மையில எழுதியிருக்குலா. நீ யாரு சொல்றதுக்கு?"

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"வாய மூடிட்டா. டாக்டர் எழுதினதுக்கு மேல அவ என்னா பேச முடியும்?"

நானும் சிரித்தேன். அந்த எழுத்துக்கு அது அர்த்தமில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுங்கை பாக்காப் பக்கம் எஸ்டேட்டில் என் அப்பா சம்சு குடித்து, வயிறு பானை மாதிரி வீங்கி, லயத்துக் கழிவறை வாசலில் ரத்தம் கக்கிச் செத்தவர். அம்மா அழுதாள், நான் அழவில்லை. குடிக்கிறவன் எப்படிப் போனால் எனக்கென்ன என்ற எண்ணம் எனக்குப் பதினாலு வயதில் வந்தது. அது போகவில்லை.

மெசின் வேலை தொடங்கி நாலைந்து மாதம் ஆனபின் கோடு நகர்ந்தது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கோட்டை இரண்டே வாரத்தில் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதனால் நோயாளிகளுக்கெல்லாம் பிஞ்சு குறைந்த மாதிரி வந்தது. லேசர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு, மெசினில் ஒன்றுமில்லை, உங்கள் சாயத்தைப் பாருங்கள் என்று போய்விட்டார். புதுச் சாயம் போட்டேன். அப்படியேதான் இருந்தது.

கடைசியில் என் ரத்தத்தை எடுத்து அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். என் ரத்தத்தில் கோடு பழைய இடத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அவருடையதில்தான் பிஞ்சு கொட்டிக் கிடந்தது. மெசின் சரியாக இருந்தது. ஆள்தான் சரியில்லை.

அவர் பின்கட்டில் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். கழுத்தில் துளசி மாலை. அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"என்ன அண்ணே மாலை?"

"தைப்பூசம் வருதுலா மிஸி. அலகு குத்துறேன். வெரதம்."

"குடி?"

"தொடல. பதினெட்டு நாளாச்சு. தண்ணீர்மலை முருகனுக்காகத் தண்ணிய விட்டாச்சு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "பூசம் முடிஞ்ச அடுத்த நாளு கணக்கா ஆரம்பிச்சிருவேன், பயப்படாதீங்க."

அப்போது புரிந்தது. குடி எலும்பின் வேலையை அமுக்கி வைக்கும். நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாளில் அமுக்கி வைத்ததெல்லாம் பீறிட்டு வரும். எங்கள் கோட்டைத் தள்ளினது லேசர் இல்லை, முருகன். நாலைந்து மாதமாக நாங்கள் ஈரல் நோயாளிகளை அளந்தது ஒரு குடிகாரனுடைய ரத்தத்தை வைத்து. அவர் ரத்தத்தில் மிச்சத்தை எடுத்து, பக்கத்து அறைத் தோழியிடம் பேர் சொல்லாமல் கொடுத்து ஈரல் பரிசோதனை செய்யச் சொன்னேன். "யாருடி இது? உயிரோட இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்களோடு இங்கிலீஷ்தான் பேசுவார். தமிழ் வந்தால் ஆத்திரம் வந்துவிட்டது என்று அர்த்தம். தாளைப் பார்த்தார், இரண்டு கோட்டையும் பார்த்தார். கையில் ஒரு லிமாவ் ஆரஞ்சு, சீனப் பெருநாள் சமயம். தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

"பழைய படம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு. உம்முடைய கோட்டை வைத்து எல்லாத்தையும் திரும்ப எண்ணும். இனி நார்மல் நீர்."

"சரி. அவருகிட்ட சொல்லணும் டாக்டர்."

"ஆர் சொல்லுறது? நீரா? நீர் டாக்டரா?"

"நீங்க சொல்லுங்க."

"சொன்னால் குடியை விட்டிடுவார்."

"விடட்டுமே."

"விட்டால் நான் என்னத்தை அளக்கிறது?" ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "குடிக்கேக்கை, விடேக்கை, திரும்பக் குடிக்கேக்கை, எல்லா நாளும் ரத்தம் எடுத்து வைச்சிருக்கிறம். இப்பிடி ஒரு ஆள் வேற எங்க கிடைக்கும்? அவரை நோயாளியளோட சேர்த்து எழுதும். நீல மை."

நான் பயந்துபோய்த் தலையாட்டினேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். பயமில்லை. அந்தம்மா என்னை வேலையைவிட்டுத் தூக்க முடியாது, அந்த மெசினை ஓட்டத் தெரிந்தவள் பினாங்கில் நான் ஒருத்திதான். எனக்கும் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்க்க ஆசை. அதுதான் உண்மை.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் போனேன். கூட்டத்தில் நின்று பார்த்தேன். அவர் கன்னத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தார்கள். வேல் வேல் என்று கத்தினார்கள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. பொண்டாட்டி பக்கத்தில் மஞ்சள் சேலையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விரதத்தில் பீறிட்டு வந்த பிஞ்சுகள் அன்றைக்கு அவரைக் காப்பாற்றின. மறுநாள் வேலைக்கு வந்து கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு சின்னப் பொட்டு.

"பாத்தீங்களா மிஸி? ஒரு சொட்டு இல்ல. முருகனும் சாப்பு குத்திட்டான், நான் நார்மல்."

அன்று சாயங்காலமே வழக்கமான இடத்தில் நிறுத்தியிருப்பார். இரண்டு வாரத்தில் அவருடைய பிஞ்சு மறுபடி அடங்கியது. நான் குறித்து வைத்தேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்து "பியூட்டிபுல்" என்றார்.

குழாயில் அவர் பார்வை படாமல்தான் நீல மையில் எழுதிவந்தேன். ஒரு நாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் அவர் மேஜை துடைத்திருக்கிறார். திரும்பி வரும்போது ஒரு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும், காலையில் கொடுத்த தன் குழாய் எந்த இடத்தில் நிற்கும் என்றும் தெரியும்.

"மிஸி, இது என் ரத்தம். நீல மையில எழுதிட்டீங்க."

நான் சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தேன்.

"நீலம் நோயாளிக்குலா?" முதல் தடவையாக அவர் சிரிக்காமல் நின்றார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உள்ளே ஏதோ தெரியும் போல. "தப்பா எழுதிட்டீங்களா? இல்ல, எனக்கு எதும் இருக்கா?"

கேட்டுவிட்டார். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிக் கேட்பான்? ஆமாம் அண்ணே, ஈரல் போய்க்கொண்டிருக்கிறது, குடியை விடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுவிடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கலாம். குழாயை அவர் கையிலிருந்து வாங்கினேன். நீலத்தை அடித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, நார்மல் என்று எழுதினேன்.

"தப்புதான் அண்ணே. கை மாறிப்போச்சு."

"அதானே!" முகம் பூவாக விரிந்தது. "ஒரு நிமிசம் ஒதறிப்போச்சு மிஸி. நீங்களும் மீன் விக்கத்தான் போகணும்."

அந்த ஆண்டு முழுக்க நான் பார்த்தேன். முழங்கையில் நான் ஊசி குத்தின இடம் எலுமிச்சை அளவுக்குக் கறுத்தது. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் முன்பு ஒரு நிமிடம் போதும், பிறகு ஐந்து நிமிடம் ஆனது. சட்டைப் பொத்தான் வயிற்றில் பிதுங்கியது. கண் மஞ்சளானது. "வெயில்ல ஓட்டுறேன்லா" என்றார். தொப்பையைத் தட்டி, "நார்மலுக்கு ஏழாம் மாசம்" என்று மாணவர்களைச் சிரிக்க வைத்தார். நான் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடி துளசி மாலை போட்டார். குடியை நிறுத்தினார். இந்தத் தடவை பிஞ்சு எழும்பவில்லை. பதினெட்டாம் நாளும் இல்லை, முப்பதாம் நாளும் இல்லை. மொத்தத் தட்டணு பாதாளத்தில் கிடந்தது. குடியை விட்டால் மீள்கிற கட்டம் தாண்டிவிட்டது. பூசத்துக்கு நாலு நாள் முன்னால் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, இந்த வருசம் அலகு வேணாம். பால்குடம் எடுங்க."

"ஏன் மிஸி?"

"சும்மாதான். வயசாகுதுல."

"எனக்கா?" சட்டைக் கையைச் சுருட்டி ஊசிக்கு நீட்டினார். "நான் நார்மல்லா."

அத்தோடு விட்டுவிட்டேன். காரணம் சொல்லாமல் யார் கேட்பார்கள்?

தைப்பூசத்தன்றைக்கும் போய் நின்றேன். குத்தின கையை எடுப்பதற்குள் ரத்தம் தாடை வழியாக இறங்கி மார்பில் ஓடியது. விபூதியை அள்ளி அப்பினார்கள். விபூதி சிவப்புச் சேறாக வழிந்தது. அலகைப் பிடுங்கினார்கள், இன்னும் மோசம். வேல் வேல் என்ற சத்தம் அவரைச் சுற்றி மட்டும் நின்றுபோனது. முதலில் சொன்னது குத்திவிட்டவர்.

"தண்ணியடிச்சிட்டு வந்து நிக்கிறான். வெரதத்த முறிச்சிட்டு முருகன் முன்னாடி நிக்கிறான் பாரு."

"இல்லண்ணே, சத்தியமா இல்ல" என்று அவர் வாயில் ரத்தத்தோடு சொன்னார். பேச்சு வரவில்லை, குமிழிதான் வந்தது. ஒரு கிழவி துப்பினாள். "இவனால நமக்கும் தீட்டு" என்று இரண்டு பேர் தங்கள் காவடியை நகர்த்திக்கொண்டு போனார்கள். மஞ்சள் சேலைக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் நடந்துபோனாள். அவர் அவள் போன பக்கம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அந்த இடத்தில் அவர் விரதத்தை முறிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அவருடைய நாற்பது நாள் ரத்தம் என் நோட்டில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா என்னை அனுப்பினார், அவரைப் பார்ப்பதற்கு அல்ல, குழாயில் ரத்தம் எடுத்துவர. கண் முழுக்க மஞ்சள். கன்னத்தில் பஞ்சு. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"ஈரல் மொத்தமா போயிருச்சாம் மிஸி. எப்புடி? நீங்க நார்மல்னுதானே எழுதினீங்க?"

"திடீர்னு வரும் அண்ணே" என்றேன்.

நம்பினார். "இங்க டாக்டர் குடியாலன்னு அவகிட்ட சொல்லிட்டாரு. அவ என்னா நெனச்சிட்டா, நான் வெரதத்துல குடிச்சேன்னு. ஊரு முன்னால மானத்த வாங்கிட்டேன்னு பேச்ச நிறுத்திட்டா. சோறு கொண்டாறா, வச்சிட்டுப் போறா. மொகத்தப் பாக்க மாட்டேங்குறா. நான் முறிக்கல மிஸி."

"தெரியும்."

"தெரியுமா?" எழுந்திருக்கப் பார்த்தார். "அப்ப அவகிட்ட நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"சொல்றேன்" என்றேன். இரண்டு குழாய் நிரப்பிக்கொண்டு வந்தேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பாள். நான் போகவில்லை. அதற்குப் பதின்மூன்றாம் நாள் அவர் ரத்தம் கக்கிச் செத்தார். என் அப்பா மாதிரியேதான்.

காரியம் முடிந்து அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள், அவருடைய ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் வாங்க. தொழிற்சாலை யூனிபார்மோடு வந்திருந்தாள். பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினவள் திரும்பினாள்.

"மிஸி, நீங்கதானே அவருக்கு எழுதிக் குடுத்தது? நார்மல்னு?"

அன்றைக்குத்தான் சொன்னேன். எல்லாவற்றையும். நோட்டை எடுத்து வைத்து, கோட்டைக் காட்டி, நீலத்தை அடித்துச் சிவப்பில் எழுதினதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வெரதத்த முறிக்கல?"

அதைத்தான் கேட்டாள். ஈரலைப் பற்றிக் கேட்கவில்லை.

"இல்ல அக்கா. ஒரு நாள்கூட இல்ல."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "கடைசி நாளு தண்ணி கேட்டாரு. வாயில ஊத்துறப்ப, நீ நம்புறியான்னு கேட்டாரு. குடிகாரன நம்புற அளவுக்கு நான் கூமுட்ட இல்லன்னேன்." மழைக்கோட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். "அதான் நான் அவருகிட்ட பேசின கடைசிப் பேச்சு."

நான் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக் குடு" என்றாள். மிஸியும் போச்சு, நீங்களும் போச்சு. "தமிழ்ல எழுது. சாப்பு குத்து. கோயில்ல காட்டணும்."

ஆய்வுக்கூடத்தில் நான் தமிழில் ஒரு வரி எழுதினதில்லை. அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். இவர் விரதத்தை முறிக்கவில்லை. இவருக்கு ஈரல் கெட்டிருந்தது, அதனால்தான் ரத்தம் நிற்கவில்லை. இது எங்களுக்கு ஒரு வருடமாகத் தெரியும். டாக்டரம்மாவின் மேஜையைத் திறந்து சாப்பை எடுத்துக் குத்தினேன்.

அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"எங்களுக்குன்னா யாரு? நீ எத்தன பேரு?"

சாப்பை மேஜைக்குள் திருப்பி வைத்தேன்.

"நீல மைய அடிச்ச கைதானே? இதையும் அடி. எனக்குன்னு எழுது."

அடித்தேன். எழுதினேன். கையில் இருந்தது சிவப்புப் பேனாதான்.